ஒழுங்கற்ற நாடிக்குக் காரணம் தேடிய வரலாறு

இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும் வகைகள் பல. இளவயதினரிடம் மூச்சை இழுக்கும்போது நாடி சற்று விரைந்து, விடும்போது தளர்வது உண்டு. நலமாக இருப்பவரிடமும் எப்போதாவது ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, அதன்பின் சிறிய இடைவெளி விழுவது உண்டு. இவ்விரண்டும் பெரும்பாலும் தீங்கற்றவை. இவற்றிலிருந்து வேறுபட்டு, அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலமும் அவற்றின் வலிமையும் சிறிதும் ஒத்திராமல், மணிக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ நீடிக்கும் முழுமையான ஒழுங்கின்மை ஒன்று இருக்கிறது. இன்றைய மருத்துவம் அதனை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறது. இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒருசேரச் சுருங்கி விரிவதை விட்டு, அவற்றின் தசைநார்கள் தனித்தனியே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை அது. மணிக்கட்டில் விரல் வைத்தவர் எவருக்கும் தென்படக்கூடிய இந்தக் கோளாற்றின் காரணம் 1909ஆம் ஆண்டு வரை துலங்கவில்லை. அதுவரை கூறப்பட்ட காரணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், அந்தந்தக் காலத்து மருத்துவரின் கருவி உடலுக்குள் எவ்வளவு தொலைவு எட்டியதோ அவ்வளவு தொலைவில்தான் காரணமும் இருப்பதாக எண்ணப்பட்டது தெரியவரும்.

நெடுங்காலம் விரல் ஒன்றே கருவியாக இருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த கேலன் நாடியின் வேகம், நிறைவு, வலிமை, ஒழுங்கு ஆகியவற்றைப் பிரித்துப் பல நூல்கள் எழுதினார். மூன்றாம் நூற்றாண்டுச் சீன மருத்துவரான வாங் ஷூஹே நாடிக்கென்றே தனி நூல் தொகுத்தார். தமிழகத்துச் சித்த மருத்துவர்கள் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, வாதம் ஒரு மாத்திரை, பித்தம் அரை மாத்திரை, ஐயம் கால் மாத்திரை என்னும் விகிதத்தில் நாடி நடப்பதே நலம் என்று கொண்டு, அன்னம், ஆமை, தவளை போன்ற உயிர்களின் நடையை ஒவ்வொன்றுக்கும் அடையாளமாகக் கூறினர். இம்மரபுகள் அனைத்திலும் ஒழுங்கற்ற நாடி தீய குறியாகவே கொள்ளப்பட்டது; அது எத்தகைய முடிவை நோக்கிச் செல்லும் என்பதிலும் பழைய மருத்துவர்களின் கணிப்பு குறைத்து மதிப்பிடத்தக்கது அன்று. ஆயினும் நாடி இதயத்தின் சுருக்கத்தால் எழும் அலை என்ற கருத்து நிலைபெறாத காலத்தில், நாடியின் பிறழ்ச்சிக்கு இதயத்தின் ஒரு பகுதியைப் பொறுப்பாக்கும் கேள்வியே எழ இடமில்லை.

அக்கேள்விக்கு வழி திறந்தவர் வில்லியம் ஹார்வி. இரத்தம் இதயத்திலிருந்து புறப்பட்டு உடலைச் சுற்றி மீண்டும் இதயத்துக்கே திரும்புகிறது என்று 1628இல் வெளியான தம் நூலில் நிறுவிய அவர், இறக்கும் விலங்குகளின் மார்பைத் திறந்து பார்த்தபோது கீழறைகள் ஓய்ந்த பின்னரும் வலது மேலறையில் மெல்லிய அசைவு எஞ்சியிருந்ததைப் பதிவு செய்தார். உயிரோடு நடமாடும் மனிதரிடத்தில் மேலறை இவ்வாறு நடுங்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு அங்கிருந்து இன்னும் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆயின.

இதற்கிடையே மருந்துகள் காரணத்துக்காகக் காத்திருக்கவில்லை. பிரெஞ்சு மருத்துவர் ழான் பாப்டிஸ்ட் செனாக் 1749இல் எழுதிய இதய நூலில், எதற்கும் அடங்காத படபடப்புக்குச் சின்கோனா மரப்பட்டை பயன்பட்டதைக் குறித்தார். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தொழில் செய்த வில்லியம் விதரிங், ஷ்ராப்ஷையர் பகுதியில் வயதான பெண்மணி ஒருவர் மறைத்து வைத்திருந்த குடும்ப மருந்தைப் பற்றி 1775இல் கேள்விப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த அக்கலவையில் வேலை செய்தது ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடியே என்று தேர்ந்தறிந்து, பத்தாண்டுக் காலக் குறிப்புகளை 1785இல் நூலாக்கினார். நீர் கோத்து உடல் வீங்கிய நோயாளிகளுக்கே அவர் அதைக் கொடுத்தார். சிறுநீர் பெருகி வீக்கம் வடிந்ததைக் கண்டு அதனைச் சிறுநீர் பெருக்கி என்றே மதித்தார். ஆயினும் வேறெந்த மருந்துக்கும் இல்லாத அளவுக்கு அது இதயத்தின் இயக்கத்தை ஆள்கிறது என்பதும், அளவு மிஞ்சினால் நாடி நிமிடத்துக்கு 35 வரை இறங்குவதோடு பார்வையில் பச்சையும் மஞ்சளும் தோன்றும் என்பதும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. டிஜிட்டாலிஸ் எனப்படும் அம்மருந்தால் நலமடைந்தவர்களில் பலருக்கு மேலறை நடுக்கம் இருந்திருக்கக்கூடும் என்பது இன்று பின்னோக்கிப் பார்ப்பவரின் ஊகம். விதரிங்குக்கு அப்படியொரு நோய் இருப்பதே தெரியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரணம் விரலிலிருந்து காதுக்கு இடம் பெயர்ந்தது. பாரிஸ் நகரில் ரெனே லென்னெக் 1816இல் உருவாக்கிய ஸ்டெதாஸ்கோப், இதயத்தின் ஓசைகளையும் அவற்றிடையே எழும் முணுமுணுப்புகளையும் கேட்கச் செய்தது. அந்த முணுமுணுப்புகள், இறந்தவர் உடலை அறுத்துப் பார்த்தபோது தென்பட்ட வால்வுப் பழுதுகளோடு பொருந்தின. அதே நகரின் ழான் பாப்டிஸ்ட் பூயோ, ருமாட்டிக் காய்ச்சல் என்னும் மூட்டுவலிக் காய்ச்சலுக்கும் இதய வால்வுகளின் அழற்சிக்கும் உள்ள தொடர்பை 1830களில் வலியுறுத்தினார். சிறுவயதில் தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்றை எதிர்க்க எழும் உடலின் தற்காப்பு, சிலரிடம் திசை மாறி வால்வுகளையே தாக்கித் தழும்பேற்றுகிறது. இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு இவ்வாறு ஒட்டிச் சுருங்கும்போது, மேலறையில் அழுத்தம் கூடி அது உப்பிப் பெருக்கிறது. ஒழுங்கற்ற நாடி உடையவர்களில் மிகப் பலருக்கு இவ்வால்வுச் சுருக்கம் இருந்ததால், வால்வே காரணம் என்ற முடிவு மருத்துவ உலகில் வேரூன்றியது. அது பொய்யன்று, ஆனால் பாதி உண்மை. வால்வு ஆண்டுக்கணக்கில் சுருங்கியே இருக்க, நாடி ஒருநாள் திடீரென்று ஒழுங்கிழப்பது ஏன் என்பதற்கு அதில் விடையில்லை.

விடைக்கு மிக நெருங்கிச் சென்றவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். பருத்தியாலைப் புகையில் மூழ்கிய பர்ன்லி என்னும் லங்காஷையர் ஊரின் பொது மருத்துவர். ஸ்காட்லாந்தில் 1853இல் பிறந்த ஜேம்ஸ் மெக்கென்ஸி, எடின்பரோவில் படித்து, 1879இல் அவ்வூருக்கு வந்து, ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் அங்கேயே தொழில் செய்தார். இதய நோயுள்ள இளம்பெண் ஒருவர் பிரசவத்தின்போது தம் கண்முன்னே இறந்ததும், அதனை முன்கூட்டி உணர்த்தத் தம் படிப்பு உதவாததும் அவரை இதய ஆய்வுக்குத் திருப்பின என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். ஊர் மருத்துவருக்கு ஆய்வுக்கூடம் இல்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தாருக்கு இல்லாத ஒன்று இருந்தது. ஒரே குடும்பங்களை, ஒரே நோயாளிகளை இருபது முப்பது ஆண்டுகள் தொடர்ந்து காணும் வாய்ப்பு அது. நாடி தப்புகிறது என்ற ஒரே காரணத்துக்காக விளையாட்டும் வேலையும் தடுக்கப்பட்ட சிறுவர்கள் நல்ல உடல்நலத்தோடு வளர்ந்து பெரியவர்களானதையும், முந்திவரும் துடிப்புகள் உடையவர்கள் முதுமை வரை வாழ்ந்ததையும் அவர் நேரில் கண்டார். ஒழுங்கின்மை எல்லாவற்றையும் ஒரே அச்சத்தோடு நோக்கிய மருத்துவத்துக்கு, அவற்றில் தீங்கற்றவை எவை, கவலைக்குரியது எது என்று பிரித்துக் காட்டியதே அவருடைய முதற்கொடை. பின்னாளில் புகழ்பெற்ற கண்டுபிடிப்புகளைவிட இது நோயாளிகளுக்கு அதிகம் பயன்பட்டது எனலாம்.

அவருடைய கருவி பாலிகிராஃப் எனப்பட்டது. மணிக்கட்டு நாடியை மட்டும் வரையும் கருவி 1860இல் பிரெஞ்சு உடலியலாளர் எத்தியென் ழூல் மரே அமைத்தபோதே வந்துவிட்டது; ஆனால் மணிக்கட்டு நாடி கீழறையின் சுருக்கத்தை மட்டுமே அறிவிக்கும். மெக்கென்ஸியோ கழுத்திலுள்ள சிரையின் மீது ஒரு சிறு கிண்ணத்தைப் பொருத்தி, அங்கே எழும் மெல்லிய அலைகளையும் அதே தாளில், அதே நேரக் கோட்டின் மீது வரையச் செய்தார். பக்கத்து ஊரான பாடிஹாமின் கடிகாரக்காரர் ஷா என்பவரின் உதவியோடு, ஐந்தில் ஒரு நொடியைக் குறிக்கும் முள்ளும், மைகொண்டு எழுதும் நீண்ட தாள்சுருளும் அமைந்த வடிவம் பின்னர் உருவாயிற்று. இதயத்தின் வலப்பக்க மேலறைக்கும் கழுத்துச் சிரைக்கும் இடையே வால்வு ஏதும் குறுக்கிடாததால், மேலறை சுருங்கும்போதெல்லாம் சிரையில் ஓர் அலை மேலெழும். ஆகவே ஒரே தாளில் மேலறையின் செயலும் கீழறையின் செயலும் பக்கம் பக்கமாகப் பதிந்தன. மின்சாரம் இல்லாமல், தோலைக் கீறாமல், இதயத்தின் மேல்தளத்தில் நடப்பதை அறிய இது வழி தந்தது.

1880 முதல் அவர் கவனித்துவந்த பெண் நோயாளி ஒருவருக்கு மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. அந்நோயில், கீழறை சுருங்குவதற்குச் சற்று முன்னர் மேலறை தன் இரத்தத்தைக் குறுகிய வாயில் வழியே தள்ளும்போது ஒரு முணுமுணுப்பு எழும். அவருக்கும் அது ஆண்டுதோறும் கேட்டுவந்தது. கழுத்துச் சிரையிலும் மேலறை அலை தவறாமல் பதிவாகிவந்தது. 1898இல் அவருடைய நாடி திடீரென்று முழுமையாக ஒழுங்கிழந்தது. அதே வேளையில் முணுமுணுப்பும் மறைந்தது, சிரையின் மேலறை அலையும் மறைந்தது. காதுக்கு ஒன்றும் தாளுக்கு ஒன்றுமாக வந்த இவ்விரு சான்றுகளும் ஒன்றையே கூறின: மேலறை சுருங்குவதை நிறுத்திவிட்டது. மெக்கென்ஸி முதலில் இதனை மேலறையின் வாதம், அதாவது செயலிழப்பு என்று கொண்டு, 1902இல் வெளியான நாடி பற்றிய தம் நூலிலும் அவ்வாறே விளக்கினார். பின்னர் இறந்த நோயாளிகள் சிலரின் மேலறைச் சுவர் மெலியாமல் தடித்திருந்ததைக் கண்டபோது, செயலற்ற தசை தடிக்க இயலாது என்பதால் தம் விளக்கத்தைத் தாமே கைவிட்டு, மேலறையும் கீழறையும் ஒரே நொடியில் சுருங்குவதால்தான் மேலறை அலை தனித்துத் தெரியவில்லை போலும் என்ற வேறொரு கருத்துக்கு வந்தார். அவர் கருவி மேலறை வரையில் எட்டியது. அங்கே அலை இல்லை என்பதையும் சொன்னது. அலை இல்லாத இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதைச் சொல்லும் ஆற்றல் மட்டும் அதற்கு இல்லை.

அந்த இரண்டாவது கருத்து தவறானதாயினும் வேறு வகையில் பயன் தந்தது. துடிப்பு எங்கே பிறக்கிறது என்ற ஐயத்தைத் தீர்க்க, மெக்கென்ஸி தம் நோயாளிகளின் இதயங்களை லண்டன் உடற்கூற்றியலாளர் ஆர்தர் கீத்துக்கு அனுப்பிவந்தார். ஜெர்மனியின் மார்பர்க் நகரில் லுட்விக் ஆஷாஃபிடம் பயின்ற ஜப்பானிய இளைஞர் சுனாவோ தவாரா, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரு தசைக்கணு இருப்பதையும், அது வில்ஹெல்ம் ஹிஸ் 1893இல் விவரித்த தசைக்கற்றை வழியாகச் சென்று, புர்கின்யே 1839இல் ஆட்டின் இதயத்தில் கண்ட நார்களில் முடிவதையும், 1906இல் ஒரு தொடர்ச்சியாக விளக்கியிருந்தார். அதனைச் சரிபார்க்கப் புகுந்த கீத்தும் அவர் மாணவர் மார்ட்டின் ஃப்ளாக்கும், மேல்பெருஞ்சிரை வலது மேலறையோடு சேரும் இடத்தில் இன்னொரு கணுவைக் கண்டு 1907இல் அறிவித்தனர். சைனஸ் கணு எனப்படும் இதுவே துடிப்பின் தொடக்கம். இங்கே பிறக்கும் தூண்டல் மேலறைகளில் பரவி, தவாராவின் கணுவில் சற்றே தாமதித்து, கற்றை வழியே கீழறைகளுக்கு இறங்குகிறது.

நடுக்கம் என்ற நிகழ்வு இதற்குள் உடலியலாளர்களுக்கு நன்கு தெரிந்திருந்தது. ஜெர்மனியில் லுட்விக், ஹோஃபா என்னும் இருவர் 1850இல் நாயின் கீழறைகளுக்கு மின்சாரம் பாய்ச்சியபோது, அவை சுருங்கி விரிவதை விட்டுப் புழுக்கள் நெளியும் பைபோல் நடுங்கியதைக் கண்டனர். அபர்டீன் நகரின் ஜான் மக்வில்லியம் 1887இல் இதனை விரிவாக ஆராய்ந்து, 1889இல், மனிதரின் திடீர் மரணத்துக்கும் கீழறை நடுக்கமே காரணமாகலாம் என்று துணிந்து எழுதினார். அப்போது அதற்குச் செவிசாய்த்தோர் சிலரே. கீழறை நடுங்கினால் இரத்தம் வெளியேறாது, சில நிமிடங்களில் உயிர் போகும். நடுக்கம் என்றாலே மரணம் என்று ஆய்வுக்கூடத்தில் பழகியவர்களுக்கு, மேலறை நடுங்கும் நிலையில் ஒருவர் பத்தாண்டுகள் உழைத்துப் பிழைக்கலாம் என்பது தோன்றாமற்போனதில் வியப்பில்லை. மருந்தியலாளர் ஆர்தர் குஷ்னி ஒருவரே, நாயின் மேலறையை நடுங்கச் செய்து எடுத்த நாடி வரைவும் ஒழுங்கற்ற நாடியுள்ள மனிதரின் வரைவும் வியக்கத்தக்க வகையில் ஒத்திருப்பதை 1899இலேயே சுட்டி, பின்னர் எட்மண்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு நோயாளியின் குறிப்பையும் வெளியிட்டார். ஆயினும் ஒப்புமை சான்றாகாது.

சான்றை அளித்த கருவி ஹாலந்தின் லைடன் நகரிலிருந்து வந்தது. ஜாவாத் தீவின் செமராங்கில் 1860இல் பிறந்த வில்லெம் ஐந்தோவன், காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே, வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றைத் தொங்கவிட்டு, இதயத்தின் மின்னோட்டத்தால் அந்த இழை அசையும்போது அதன் நிழலை நகரும் ஒளித்தகட்டில் பதித்தார். இழை கால்வனோமீட்டர் எனப்பட்ட அக்கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை கொண்டது. இயக்குவதற்கு ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்க் கலங்களில் வைத்துக்கொண்டு அமர வேண்டும். அதனை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலாததால், 1905இல் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே நோயாளிகளின் இதய மின்னோட்டம் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டது. இன்று இ.சி.ஜி. என்று எல்லோரும் அறிந்த வரைபடமும், அதன் அலைகளுக்குரிய பி, கியூ, ஆர், எஸ், டி என்னும் எழுத்துகளும் அவர் தந்தவை. பி அலை மேலறையின் தூண்டலையும், கியூ-ஆர்-எஸ் தொகுதி கீழறையின் தூண்டலையும் காட்டுவன. அவர் 1906இல் வெளியிட்ட வரைபடங்களுள் முழு ஒழுங்கின்மை உள்ள ஒரு நோயாளியுடையதும் இருந்தது. நோயின் முகம் தாளில் பதிந்துவிட்டது, அடையாளம் காண்பார்தாம் இல்லை.

அடையாளம் கண்டவர் தாமஸ் லூயிஸ். கார்டிஃபில் 1881இல் பிறந்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் பணிபுரிந்த அவரை ஒழுங்கற்ற துடிப்பின் ஆய்வுக்குத் திருப்பியவர், 1907இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்த மெக்கென்ஸியே. லூயிஸ் தம் நோயாளிகளின் வரைபடங்களில் பி அலை முற்றிலும் இல்லாததையும், அதற்கு மாறாகக் கோடு முழுவதும் நுண்ணிய, ஒழுங்கற்ற அதிர்வுகள் ஓடிக்கொண்டிருப்பதையும் கண்டார். மின்முனைகளை மார்பில் வலது மேலறைக்கு நேராக வைத்தபோது அவ்வதிர்வுகள் பெரிதாயின. எனவே அவை கருவியின் குறையோ உடல்தசையின் நடுக்கமோ அல்ல, மேலறையிலிருந்து எழுபவை. நாயின் மேலறையை நடுங்கச் செய்து எடுத்த வரைபடமும் அதையே காட்டியது. 1909இல் அவர் இம்முடிவை வெளியிட்டார். அதே ஆண்டில் வியன்னாவின் ரோத்பெர்கரும் வின்டர்பெர்கும் தனியே அதே முடிவை எட்டினர். எஞ்சிய ஐயத்தைத் தீர்த்தது ஒரு குதிரை. மனிதரைப் போலவே குதிரைக்கும் இக்கோளாறு தானாக வருவதுண்டு. அத்தகைய நாடியுள்ள குதிரை ஒன்றின் மார்பைத் திறந்தபோது, மேலறைகள் நடுங்கிக்கொண்டிருந்ததை லூயிஸ் கண்ணால் கண்டார். வரைபடத்தில் ஊகிக்கப்பட்டது தசையில் காணப்பட்டது.

நாடியின் விந்தைகள் எல்லாம் இதன்பின் ஒன்றொன்றாக விளங்கின. நடுங்கும் மேலறையில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தூண்டல்கள் எழுகின்றன. தவாரா கண்ட நடுக்கணு அவற்றுள் சிலவற்றையே, அதுவும் எந்த முறையுமின்றி, கீழே விடுகிறது. ஆகவே கீழறை விரைவாகவும் ஒழுங்கின்றியும் துடிக்கிறது. இரு துடிப்புகளுக்கு நடுவே காலம் குறைந்தால் கீழறை நிரம்பாது. நிரம்பாத கீழறை அனுப்பும் அலை மணிக்கட்டு வரை வந்து சேராது. அதனால் மார்பில் கேட்கும் துடிப்புகளைவிட நாடியில் எண்ணப்படுபவை குறைவாக இருக்கும். டிஜிட்டாலிஸ் இந்நோயாளிகளுக்கு மட்டும் அவ்வளவு சிறப்பாக உதவியதன் காரணமும் வெளிப்பட்டது: அது நடுக்கத்தை நிறுத்துவதில்லை, நடுக்கணுவின் வாயிலைக் குறுக்கிக் கீழறைக்கு ஓய்வளிக்கிறது.

நடுக்கத்தையே நிறுத்தும் மருந்து ஒரு வணிகரின் வாயிலாக வந்தது. கீழைநாடுகளில் தொழில் செய்த டச்சு வணிகர் ஒருவர் 1912இல் புகழ்பெற்ற இதய மருத்துவர் காரல் வென்கெபாக்கிடம் வந்து, தமக்கு நாடி ஒழுங்கிழக்கும்போது மலேரியாவுக்கு உண்ணும் குயினைனில் ஒரு கிராம் எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்றார். மருத்துவர் நம்பவில்லை, மறுநாள் சீரான நாடியோடு வந்து நின்றார் வணிகர். வென்கெபாக் இதனை 1914இல் பதிவு செய்ய, வால்ட்டர் ஃப்ரை என்பவர் 1918இல் சின்கோனாப் பட்டையின் சத்துகளை ஒப்பிட்டுப் பார்த்து, குயினைனின் உடன்பிறப்பான குயினிடினே இதில் வல்லது என்று கண்டார். நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் 1860களில் சின்கோனாத் தோட்டங்களை எழுப்பிய மதராஸ் அரசு, 1866இல் அமைத்த குழுவின் வாயிலாக, இதே குயினிடினைக் காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்து, குயினைனுக்கு அது குறையாதது என்று அறிந்திருந்தது. அச்சோதனையில் தேடப்பட்டது மலிவான காய்ச்சல் மருந்து; நாடியின் ஒழுங்கை அங்கே எவரும் தேடவில்லை.

குயினிடின் அரை நூற்றாண்டுக் காலம் கோலோச்சியது. அதனை உண்டவர்களில் சிலர் திடீரென மயங்கி விழுவதும் இறப்பதும் 1920களிலேயே கண்டறியப்பட்டவை. அம்மயக்கம் கீழறையின் நடுக்கத்தால் வருவது, அதாவது மேலறையின் ஒழுங்கை மீட்ட மருந்தே கீழறையின் ஒழுங்கைக் குலைத்தது என்பது 1964இல் உறுதியாயிற்று. இன்னும் கடுமையான பாடம் 1989இல் வந்தது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்குக் கீழறையில் முந்திவரும் துடிப்புகள் தோன்றுவது தீய குறி என்பதால், அவற்றை அடக்கும் மருந்துகள் உயிரைக் காக்கும் என்று எண்ணி அமெரிக்காவில் பெரிய சோதனை ஒன்று நடத்தப்பட்டது. என்கைனைட், ஃபிளெகைனைட் என்னும் அம்மருந்துகள் துடிப்புகளை அடக்கவே செய்தன, ஆனால் அவற்றை உண்டோரிடையே, வெறும் மாத்திரை உண்டோரைவிட மரணம் மிகுந்தது. வரைபடம் சீரானால் நோயாளி பிழைப்பார் என்ற நம்பிக்கை, வரைபடம் கண்டுபிடிக்கப்பட்ட நாள் முதல் கேள்வியின்றி இருந்துவந்தது. அந்நம்பிக்கைக்கு எண்ணிக்கை அளித்த மறுப்பு இது.

மேலறை நடுக்கத்தின் உண்மையான ஆபத்து துடிப்பில் இல்லை, தேக்கத்தில் இருக்கிறது என்பதும் இதே காலத்தில் தெளிவாயிற்று. சுருங்காத மேலறையில், குறிப்பாக அதன் இடப்பக்கத்தில் காதுமடல்போல் நீளும் சிறு பையில், இரத்தம் தேங்கி உறைகிறது. உறைகட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம். வால்வுச் சுருக்கம் உள்ளோரிடம் இது முன்பே தெரிந்திருந்தது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் என்னும் ஊர்மக்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, வால்வு நோய் இல்லாதவரிடத்தும் மேலறை நடுக்கம் பக்கவாத வாய்ப்பை 5 மடங்குக்கு மேல் உயர்த்துகிறது என்றும், ருமாட்டிக் வால்வு நோயும் சேர்ந்தால் 17 மடங்குக்கு மேல் என்றும் 1978இல் காட்டியது. அழுகிய வைக்கோலை மேய்ந்த மாடுகள் இரத்தம் கசிந்து இறந்ததை ஆராயும் வழியில் விஸ்கான்சினில் பிறந்து, 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதருக்கு ஏற்கப்பட்ட வார்ஃபரின், இப்பக்கவாதத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தடுக்கிறது என்று 1989க்குப் பிந்தைய சோதனைகள் மெய்ப்பித்தன.

நடுக்கம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு விடை காண, கருவி இதயத்துக்குள்ளேயே நுழைய வேண்டியிருந்தது. ஆல்ஃபிரட் மேயர் என்னும் அமெரிக்கர் 1906இல் நுங்கு மீனின் உடலை வளையமாக வெட்டி, ஒரு சுருக்க அலை அவ்வளையத்தில் நாள்கணக்கில் ஓயாமல் சுற்றிவருவதைக் காட்டியதிலிருந்து, மேலறையிலும் அவ்வாறு சுற்றும் அலையே நடுக்கத்துக்குக் காரணம் என்ற கருத்து வளர்ந்தது; லூயிஸும் பின்னாளில் அதையே போற்றினார். நடுக்கம் கிளம்பும் இடத்தைத் தேடி, பிரான்சின் போர்டோ நகரில் மிஷேல் ஹைசகேரும் குழுவினரும் மெல்லிய மின்கம்பிகளைத் தொடைச் சிரை வழியே இதயத்துக்குள் செலுத்தி, நடுக்கம் அடிக்கடி வந்துபோகும் 45 நோயாளிகளிடம் அது கிளம்பும் 69 இடங்களைக் குறித்தனர். அவற்றில் 94 விழுக்காடு நுரையீரலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருந்தது. மேலறைத் தசை அச்சிரைகளின் சுவருக்குள் சிறிது தூரம் நீண்டு செல்வது உடற்கூற்றியலாருக்குத் தெரிந்ததே. அங்கே தீப்பொறி பிறக்கும் என்பதை எவரும் எதிர்பார்க்கவில்லை. 1998இல் இம்முடிவு வெளியானபின், அச்சிரைகளைச் சுற்றித் தசையைச் சுட்டுத் தழும்பாக்கி, தூண்டல் மேலறைக்குள் வராமல் தடுக்கும் அப்லேஷன் சிகிச்சை உலகெங்கும் பரவியது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, ஹாலந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மொரிட்ஸ் அலெஸியின் ஆய்வுக்கூடத்தார், வெள்ளாடுகளின் மேலறையைத் தொடர்ந்து நடுங்கச் செய்தால் தசையே மாறி நடுக்கம் தானாக நீடிக்கும் நிலை வருவதைக் காட்டியிருந்தனர். ஆகவே நோய் ஓரளவுக்குத் தனக்குத் தானே காரணமாகிறது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று மேலறை நடுக்கம் முதுமை, உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன், மது, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்படும் நோய். மெக்கென்ஸியின் நோயாளிக்கு இருந்த ருமாட்டிக் வால்வுச் சுருக்கம் அந்நாடுகளில் அரிதாகிவிட்டது. இந்தியாவில் அவ்வாறு ஆகவில்லை. நெருக்கமான குடியிருப்புகளில் தொண்டைத் தொற்று பரவுவதும், பென்சிலின் உரிய நேரத்தில் கிடைக்காமற்போவதும் இன்னும் இளம்வயதினரின் வால்வுகளைச் சுருக்கி, அவர்களில் பலரின் மேலறைகளை நடுங்கச் செய்கின்றன. வார்ஃபரின் உண்போர் மாதந்தோறும் இரத்தம் கொடுத்து உறையும் நேரத்தை அளக்க வேண்டும், கீரை உணவின் அளவுகூட மருந்தின் வேலையை மாற்றும் என்பதால், இத்தொல்லைகள் இல்லாத புதிய மருந்துகள் இவர்களுக்கும் உதவும் என்று எதிர்பார்க்கப்பட்டது. இந்தியா உள்ளிட்ட 24 நாடுகளில், ருமாட்டிக் இதய நோயும் மேலறை நடுக்கமும் உள்ள நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரிடம் ரிவரோக்ஸபான் என்னும் புதிய மருந்தை வார்ஃபரின் வகை மருந்துகளோடு ஒப்பிட்ட சோதனை 2022இல் வெளியானது. பழைய மருந்தை உண்டவர்களிடையேதான் இறப்பு குறைவாக இருந்தது. வால்வு சுருங்கியவர்களுக்கு இன்றும் வார்ஃபரினே எழுதப்படுகிறது. மாதந்தோறும் இரத்தப் பரிசோதனைக்கு நகரத்துக்கு வந்துபோகும் செலவும் அவர்களையே சேர்கிறது.